முன்னால் நின்று கத்தியவர்

கூட்டத்தில் எவன் அதிகமாகக் கத்துகிறானோ அவனை முதலில் தூக்கு, மற்றவர்கள் தானாகக் கலைந்து போவார்கள். எங்கள் நாட்டில் கலவரம் அடக்கப் போகிற போலீஸுக்கு இதுதான் அரிச்சுவடி. நானும் அதைப் படித்தவன்தான். ஆனால் என் கையில் தடி கிடையாது, மருந்துப் பெட்டி. அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போடுவது என் வேலை. அடிக்கிறவர்கள் கொஞ்சம் சோம்பேறிகளாக இருந்தால் எனக்கும் ஓய்வு கிடைக்கும். எங்கள் அணியில் மருந்துக்குக்கூட ஒரு சோம்பேறி கிடையாது.

அமைதிப்படை போலீஸ் என்று பெயர் வைத்து, நீலத் தொப்பி மாட்டி, எங்களைக் கடல் தாண்டி அனுப்பினார்கள். உள்நாட்டுச் சண்டை ஓய்ந்திருந்த நாடு அது. உள்ளூர் போலீஸுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், அவர்களோடு ரோந்து போக வேண்டும், உயிருக்குப் பயந்து யாராவது எங்கள் முகாமுக்குள் ஓடி வந்தால் காப்பாற்ற வேண்டும். வழக்கு, கோர்ட்டு எல்லாம் அவர்கள் பாடு. கிளம்பும் முன் இதையெல்லாம் விளக்கி வகுப்பு எடுத்தார்கள். வகுப்பு முடிந்ததும் நல்ல சாப்பாடு போட்டார்கள். எங்களில் பாதிப் பேருக்குச் சாப்பாடுதான் ஞாபகம் இருந்தது.

எங்கள் கமாண்டருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘விசில்’. விசிலை வாயிலிருந்து எடுத்தால் ஏதோ ஒரு விதியைச் சொல்லப் போகிறார் என்று அர்த்தம். கெட்டவர் இல்லை. விதிகளை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவர். அப்படிப்பட்டவர்களிடம் எனக்கு எப்போதுமே ஒரு பயம் உண்டு. அவருக்கு வலது கை ‘தூக்கி’. கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. குட்டையாக இரண்டு விசில், நீளமாக ஒன்று அடித்தால் கேடயங்கள் விலகும், தூக்கி பாய்வான், பின்னால் இரண்டு பேர் தடியோடு ஓடுவார்கள். கண் மூடித் திறப்பதற்குள், முன்னால் நின்று கத்தியவன் எங்கள் காலடியில் கிடப்பான். எங்கள் ஊரில் இந்த வேலைக்காகவே தூக்கி பதக்கம் வாங்கியிருக்கிறான்.

எங்களுக்கு மொழிபெயர்க்க உள்ளூர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். எங்கள் நாட்டில் படித்துவிட்டுப் போய்த் தன் ஊர்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். சண்டையில் பள்ளி இடிந்ததும் எங்களிடம் வேலைக்கு வந்தாள். எல்லோருக்கும் அவள் தங்கச்சி. அவள் புருஷன் எங்களிடம் பயிற்சி எடுத்த உள்ளூர்க் கான்ஸ்டபிள். தங்கச்சி புருஷன் என்பதால் அவனுக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர். அந்த உரிமையில் பயிற்சியின்போது அவனைத்தான் அதிகமாக ஓட விடுவோம். மூச்சு வாங்கிக்கொண்டே சிரிப்பான். தங்கச்சியிடம் எங்கள் பேச்சையும் கற்றுக்கொண்டிருந்தான்.

அன்று காலை கடைத்தெருவில் நடைபாதைக் கடைகளை அகற்ற உள்ளூர் போலீஸ் போனது. தள்ளுமுள்ளு ஆனது. ஒரு கல் வந்து மாப்பிள்ளையின் தலையில் விழுந்தது. அவன் துப்பாக்கியை உயர்த்தி ஒரே ஒரு குண்டு சுட்டான். என்ன சத்தம் என்று மாடி வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்த செருப்புக் கடைக்காரியின் கழுத்தில் அது பாய்ந்தது. அவள் கம்பியின் மேலேயே மடங்கித் தொங்கினாள். மாப்பிள்ளை துப்பாக்கியை எறிந்துவிட்டு, கால் போன போக்கில் ஓடி, எங்கள் முகாமுக்குள் வந்து விழுந்தான். அவன் பின்னாலேயே தெருவும் வந்தது.

கேட்டை மூடினோம். கேடயங்கள் வரிசையாக நின்றன. தங்கச்சி கேட்டை நோக்கி ஓடினாள். விசில் வாயிலிருந்து விசிலை எடுத்தார்.

“நீ உள்ள போம்மா. சொந்தக்காரங்க விஷயத்துல சொந்தக்காரங்க மொழிபெயர்க்கக் கூடாது. ரூல்.”

“சார், வேற யாரு இருக்கா? மொழிபெயர்க்குற இன்னொருத்தர் ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிருக்காரு. அவங்க என்ன சொல்றாங்கன்னு உங்களுக்குப் புரிய வேணாமா?”

“கூட்டம் என்ன சொல்லும்னு எனக்குத் தெரியும். எத்தனை கூட்டம் பாத்திருக்கேன். உள்ள போ.”

முகாமின் பின்கோடியில் இருந்தது என் மருந்தறை. மாப்பிள்ளையைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையில் முடியை வழித்து, தையல் போட ஆரம்பித்தேன். மரப்பு ஊசி தீர்ந்து போயிருந்தது. அவன் வலியில் நெளியக்கூட இல்லை. முகத்தில் ஈயாடவில்லை.

“தலைக்கு மேலதாண்ணே சுட்டேன். நீங்க எல்லாரும் சொல்லிக் குடுத்த மாதிரியே, மேலதான் சுட்டேன்.”

நான் அடுத்த தையலைப் போட்டேன். எங்கள் பயிற்சி மைதானத்தில் தலைக்கு மேல் வானம் இருந்தது. அவர்கள் கடைத்தெருவில் தலைக்கு மேல் மாடி இருந்தது. இதை எவனும் யோசிக்கவில்லை, சம்பளம் வாங்கிய எங்களில் ஒருத்தனும் யோசிக்கவில்லை.

தங்கச்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நீ கோர்ட்டுக்குப் போய்த்தான் ஆகணும்,” என்றாள் அவனிடம், எனக்கும் புரியட்டும் என்று எங்கள் பேச்சிலேயே. “ஓடி ஒளியிற மாதிரி இருந்தா நான் உன் கூட வர மாட்டேன். கோர்ட்டுன்னா வருவேன். எத்தனை வருஷம் ஆனாலும் வருவேன்.” அவன் தலையை ஆட்டினான். ஊசி என் கையில் நழுவியது. ஆட்டாதேடா என்று அதட்டினேன்.

அப்போதுதான் வெளியே அந்தக் குரல் கேட்டது. நூறு பேர் போட்ட கூச்சலுக்கு மேலே, ஒரே ஆள் கத்துகிற குரல். என் மருந்து அலமாரியில் கண்ணாடிப் புட்டிகள் அதிர்ந்தன என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். தங்கச்சியின் முகம் மாறியது. அழுகிற நேரத்தில் அவள் சிரித்தாள்.

“அப்பா வந்துட்டாரு! இனிமே பயமில்லண்ணே.”

“யாரு, உங்கப்பாவா இந்தக் கத்து கத்துறது?”

“பஸ் ஸ்டாண்டுல அனவுன்சர். மைக் ரிப்பேரானாகூட அவருக்கு ஒண்ணுமில்ல. ஊரே அவரை மைக்குன்னுதான் கூப்பிடும்.”

“ரொம்பக் கோவமா இருக்காரு போல?”

“கோவமெல்லாம் இல்ல, அது அவரோட வேலை. பஸ் வரலைன்னா ஜனங்க கவுன்டரை ஒடைக்க வருவாங்க. அப்பா வெளிய வந்து, அவங்களுக்கு மேல சத்தமா பஸ் கம்பெனிய அவரே திட்டுவாரு. மேனேஜரோட பரம்பரையவே இழுப்பாரு. அவங்க திட்டுறதுக்கு எதையும் மிச்சம் வைக்க மாட்டாரு. கடைசியில அவங்களே சிரிச்சுட்டு உக்காந்துடுவாங்க. அப்புறம் இப்படிச் செய்வாரு.” இரண்டு உள்ளங்கைகளையும் தரையைப் பார்த்து விரித்து, காற்றை மெல்லக் கீழே அழுத்திக் காட்டினாள். “பொறு, உக்காருன்னு அர்த்தம்.”

வெளியே குரல் சுருதி ஏறியது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு, பழக்க தோஷத்தில் எனக்கு மொழிபெயர்த்தாள்.

“‘நீலத் தொப்பித் தடியனுங்களா, வெளிய வாங்கடா’ங்கிறாரு. அது உங்களைத்தான்.”

“தெரியுது, தெரியுது.”

“‘தின்னுட்டுத் தின்னுட்டு வேன்ல சுத்துறானுங்க’ங்கிறாரு. மன்னிச்சுக்கோங்கண்ணே.”

“பொய்யா சொல்றாரு? மேல சொல்லு.”

கூட்டத்தில் ஒரு சிரிப்புச் சத்தம் எழுந்து அடங்கியது. எனக்கே மனசு லேசானது. மாப்பிள்ளைகூட நிமிர்ந்து உட்கார்ந்தான். கூச்சல் குறைந்ததும் மைக்கின் குரல் தணிந்து, வேறு மாதிரி வந்தது.

“இப்ப அவங்ககிட்டப் பேசுறாரு. ‘உள்ள இருக்குறவன் என் மருமகன். செத்தது உங்க வீட்டுப் பொண்ணு. அவனை ஒளிச்சு வையின்னு நான் கேக்க வரல. கோர்ட்டுல நிக்கட்டும், நானே கூட்டிட்டுப் போறேன். இந்தத் தொப்பிக்காரங்க நம்ம பழைய போலீஸ் மாதிரி இல்ல. யார் மேலயும் கை நீட்ட மாட்டாங்க. என் பொண்ணு இவங்ககிட்டதான் வேலை பாக்குறா. நான் வாக்குக் குடுக்குறேன்...’”

குட்டையாக இரண்டு விசில். நீளமாக ஒன்று.

ஊசியும் நூலும் மாப்பிள்ளையின் தலையில் தொங்கத் தொங்க, அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். “வேணாம் சார், வேணாம்!” என்று கத்திக்கொண்டே நடையைத் தாண்டி முற்றத்துக்கு வருவதற்குள், பாதி வார்த்தையில் அந்தக் குரல் நின்றது. கேட்டில் இருந்த சின்னக் கதவு வழியாகத் தூக்கி உள்ளே வந்துகொண்டிருந்தான். அவன் பிடியில் ஒரு வயசாளியின் சட்டைக் காலர் இருந்தது. வயசாளியின் குதிகால்கள் மண்ணில் கோடு போட்டன. கதவைச் சாத்தினார்கள்.

மனுஷர் திமிறியிருக்க வேண்டும். பின்னால் போன இரண்டு பேரில் ஒருவன் தடியைக் குறுக்கே வீசியிருக்கிறான், அது தாடையில் விழுந்திருக்கிறது. நான் குனிந்து பார்த்தபோது கீழ்த் தாடை ஒரு பக்கமாக விலகித் தொங்கியது. பற்கள் நாக்கின் மேல் கிடந்தன. ரத்தமும் எச்சிலும் கழுத்து வழியே சட்டைக்குள் இறங்கின. அவர் ஏதோ சொல்லப் பார்த்தார், தொண்டையிலிருந்து கொப்பளிக்கிற சத்தம் மட்டும் வந்தது. பக்கவாட்டில் சாய்த்து, வாயிலிருந்த பற்களை என் விரலால் வழித்து எடுத்தேன்.

“எப்படி ஏவி விட்டான் பாத்தியா?” என்றார் விசில், மூச்சு வாங்க. “ரெண்டு கையையும் ஆட்டி ஆட்டி, அடி, நொறுக்குன்னு. தலை போச்சு. இனி கலைஞ்சிடும் பாரு.”

“அப்பா!” தங்கச்சி ஓடிவந்து மண்ணில் விழுந்தாள். அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு விசிலை நிமிர்ந்து பார்த்தாள். “இவருதான் சார் அவங்களை நிறுத்தி வச்சிருந்தாரு. இவருதான் உங்களைக் காப்பாத்திட்டு இருந்தாரு!”

தூக்கி தன் கையைப் பார்த்தான். மைக்கின் சட்டைப் பொத்தான் ஒன்று அவன் விரலிடுக்கில் இருந்தது.

கூட்டம் கலையவில்லை. அதுவரை ஒருவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் அது. இப்போது அது யார் பேச்சையும் கேட்க வேண்டியதில்லை. முதல் கல் வந்தது. அப்புறம் செங்கல், கண்ணாடி, இரும்புக் குழாய், எரிகிற டயர் என்று எது கைக்குக் கிடைத்ததோ அதெல்லாம் சுவர் தாண்டி வந்தது. ஜீப் பற்றிக்கொண்டது. கேடயத்தைக் கொஞ்சம் தாழ்த்திய ஒருவனுக்குச் செங்கல் நேராகக் கண்ணில் விழுந்தது. நான் ஓடிப் போனபோது அவன் கையை முகத்தில் பொத்திக்கொண்டிருந்தான். கையை விலக்கினால் அங்கே கண் இல்லை. கண்ணீர்ப் புகைக் குண்டு வீசினோம், காற்று அதை எங்கள் மேலேயே திருப்பிவிட்டது. உதவி கேட்டு விசில் வயர்லெஸ்ஸில் கெஞ்சினார். பாலத்தை லாரி போட்டு அடைத்திருக்கிறார்களாம், வர நேரமாகுமாம். கேட்டின் கீல் ஒன்று பிய்ந்தது.

மைக் என் கையைப் பிடித்து இழுத்தார். கேட்டைக் காட்டினார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

“போறேங்கிறாரு,” என்றாள் தங்கச்சி.

“இந்த முகத்தோடயா? பாத்தா இன்னும் வெறி ஏறாதா?” என்றார் விசில்.

“போகலைன்னா எல்லாரையும் உள்ள வச்சு எரிச்சுடுவாங்க சார். போனா...” அப்பாவின் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, எனக்கு இடம் விட்டாள்.

முகத்தைக் கழுவி, தாடைக்கு அடியிலிருந்து உச்சந்தலை வரை பட்டையாகக் கட்டுப் போட்டேன். பல்வலிக்காரர் மாதிரி தெரியட்டும் என்று கன்னத்தை நன்றாக மூடினேன். அந்த நேரத்தில் எனக்கு அவ்வளவுதான் புத்தி போயிற்று. அவர் என் தோளில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு நடந்தார். சின்னக் கதவைத் திறந்து இரண்டு பேரும் வெளியே காலடி வைத்தோம்.

கல் நின்றது. மைக் என் தோளை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துக் காற்றைக் கீழே அழுத்தினார். பொறு. முன்வரிசையில் ஒரு கிழவர் பஸ் ஸ்டாண்டில் உட்காருவது போலவே குத்தவைத்து உட்கார்ந்தார். இன்னும் சிலர் உட்கார்ந்தார்கள். கடவுளே, மனுஷர் ஜெயித்துவிடுவார் என்றே நினைத்தேன்.

செத்தவளின் அண்ணன் முன்னால் வந்தான். பஞ்சர் கடைக்காரன். கையில் ஜாக்கி ராடு இருந்தது, சட்டையில் தங்கையைத் தூக்கிச் சுமந்த ரத்தம் காய்ந்திருந்தது. அவன் மெதுவாக ஏதோ கேட்டான். மைக் பேச முயன்றார், கட்டுக்குள்ளிருந்து சிவப்பாக ஊறியது. அவன் கட்டின் நுனியைப் பிடித்து, குழந்தைக்கு அவிழ்ப்பது போல அவிழ்த்தான். தாடை விலகித் தொங்கியது. எல்லோரும் பார்த்தார்கள். அவன் இன்னொரு வார்த்தை சொன்னான். அது என்னவென்று, கதவுக்குப் பின்னால் நின்ற தங்கச்சி பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும்: “கை நீட்ட மாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க, மாமா?”

மைக்கைப் பெண்களிடம் பத்திரமாக ஒப்படைத்துவிட்டு, அவன் ராடை ஓங்கினான். முதல் அடி என் தோள் எலும்பில் விழுந்தது. விழுந்த என்னை மிதித்துக்கொண்டு, நான் திறந்து வைத்திருந்த கதவு வழியாகவே அவர்கள் உள்ளே போனார்கள்.

தரையில் கிடந்தபடி கேட்டின் அடியிடுக்கு வழியாக உள்ளே பார்த்தேன். கேடய வரிசை சரிந்தது. தடி எங்களவன் கையிலிருந்து பிடுங்கப்பட்டு எங்களவன் தலையிலேயே விழுந்தது. ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எரிகிற ஜீப்பின் பக்கம் தவழ்ந்தான். தூக்கி மருந்தறைக்குள் ஓடி, மாப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்சுவரை நோக்கி ஓடினான். கூட்டத்திலிருந்து ஆளை இழுத்தே பதக்கம் வாங்கியவன், அன்றுதான் கூட்டத்திடமிருந்து ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். சுவருக்குக் கையெட்டும் தூரம். ராடு அவன் முழங்காலில் இறங்கியது. மரம் முறிகிற சத்தம். விழுந்தபோதும் மாப்பிள்ளையைத் தன் உடம்பால் மூடித்தான் விழுந்தான். அவன் விரல்களை ஒவ்வொன்றாக உடைத்து அவனை விலக்கினார்கள்.

தங்கச்சி தன் புருஷன் மேல் விழுந்து கிடந்தாள். அவளை அடிக்கவில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவள் அவள். இரண்டு பெண்கள் அவள் கையைப் பிடித்து அப்பால் இழுத்துப் போய், அவள் கண்ணைப் பொத்தினார்கள். என் கண்ணைப் பொத்த யாரும் இல்லை. மாப்பிள்ளை ஒரு முறை எழுந்து உட்கார்ந்தான், பாதி தைத்த தலையில் ஊசியும் நூலும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. “கோர்ட்டு, கோர்ட்டு” என்றான். எங்கள் பேச்சில் சொன்னான், பாவி. அவர்கள் பேச்சில் சொல்லியிருந்தாலும் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? அதற்குப் பிறகு அவன் முகம் முகமாக இல்லை.

இத்தனைக்கும் நடுவில் விசில் முற்றத்தின் மூலையில் நின்று ஊதிக்கொண்டே இருந்தார். கன்னம் உப்ப உப்ப ஊதினார். இடுப்பில் துப்பாக்கி இருந்தது, தொடவில்லை. சுட்டிருந்தால் இன்னும் எத்தனை பிணம் விழுந்திருக்குமோ. அந்த ஒன்றுக்கு மட்டும் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

உதவிப் படை வந்து எல்லாம் அடங்கி, மாப்பிள்ளையை அடக்கம் செய்த பிறகு, விசில் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மைக்கைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். எனக்குத் தோளில் கட்டு. வார்டு முழுக்க அடிபட்டவர்கள்: இந்தக் கட்டிலில் எங்களவன், அடுத்த கட்டிலில் எங்களவனை அடித்தவன். மைக்கின் தாடையைக் கம்பி வைத்து இறுக்கியிருந்தார்கள். இனி பழைய குரல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்கச்சி குழாய் வழியாக அவருக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

விசில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியிருந்தது.

“அப்பாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லும்மா.”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“சொந்தக்காரங்க மொழிபெயர்க்கக் கூடாது சார். ரூல்.”

“அம்மா, தப்புதான். நான்...”

“வெளிய போங்க!” என்று கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. அப்பனுக்குப் போன குரல் மகளின் தொண்டையில் இருந்தது. “என் புருஷன கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாரு எங்கப்பா. உங்களை நம்பிச் சொன்னாரு. போங்க, இல்லைன்னா இவங்களை எல்லாம் எழுப்பி விடுவேன்!”

கட்டில்களில் சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். ஒருவன் ஊன்றுகோலைக் கையில் எடுத்தான். மைக் தலையணையிலிருந்து நிமிர்ந்தார். வலியில் கண்ணை இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்து, காற்றை மெல்லக் கீழே அழுத்தினார்.

விசில் அந்தக் கைகளையே பார்த்தார். “என்னம்மா சொல்றாரு?” என்றார்.

“அன்னைக்கு உங்க கேட்டுக்கு வெளிய நின்னு என்ன சொன்னாரோ, அதையேதான் சார் சொல்றாரு,” என்றாள் தங்கச்சி. “உங்களை அடிக்க வேணாமாம்.”